விளையாட்டாளர் பற்று

புதிய கேம் எத்தனை வந்தாலும், பழகிய ஒரு வீடியோ கேமை விடாமல் வருடக்கணக்கில் ஆடும் மனநிலையே விளையாட்டாளர் பற்று. படத்தின் தெளிவும் பரிசுகளும் ஆளைக் கூட்டி வரும். இருக்க வைப்பது வேறு. ரிச்சர்ட் ரயன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ ப்ரிஷ்பில்ஸ்கி ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு மூன்றைச் சுட்டியது: தன் இஷ்டப்படி நடக்கும் சுதந்திரம், கை தேறிவரும் உணர்வு, பிறரோடு சேர்ந்திருத்தல்.

மூன்றாவதே பலமானது. இலங்கையின் ஒலுவில் துறைமுகத்துப் பக்கம் பிரீ பயர் ஆடும் பிள்ளைகளைப் பார்த்தால் இது விளங்கும். 2017இல் வெளியான இந்த கேம் விலை குறைந்த போனிலும் ஓடும். 50 பேர் இறங்கும் ஓர் ஆட்டம் பத்து நிமிடமளவில் முடியும். நால்வர் சேர்ந்தால் ஒரு ஸ்குவாட். ஒருவன் வெடிபட்டு விழுந்தால், ரேங்க் போனாலும் பரவாயில்லை என்று இன்னொருவன் வெட்டவெளியில் ஓடிவந்து, குளூ வோல் என்ற தடுப்புச் சுவரை எறிந்து, அதன் மறைவில் குந்தியிருந்து அவனை எழுப்புவான். "மச்சான், நான் வாறன், அசையாம இரு!" இந்தக் குரலுக்காகத்தான் மறுநாளும் போனை எடுக்கிறார்கள். நால்வரில் ஒருவன் கட்டார் போனாலும் ஸ்குவாட் கலைவதில்லை. இஷாவுக்குப் பிறகு சேரும்போது இங்கே இரவு ஒன்பதரை. அங்கே ஏழு மணி, வேலை முடிந்து அறைக்கு வரும் நேரம்.

ஆளை இருக்க வைப்பதில் அடுத்தது, கேமுக்குள் சேர்த்துவைத்த உடைமை. இந்தியாவில் பப்ஜி மொபைல் என்ற கேம் 2020 செப்டெம்பர் 2இல் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலை 2இல் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் அது வந்தபோது, பழைய கணக்கின் ஸ்கின்களைப் புதியதற்குக் கொண்டுபோக கிராஃப்டன் நிறுவனம் இடம் கொடுத்தது. 2022 ஜூலையில் அதுவும் அகற்றப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. இரண்டு முறையும் ஆட்கள் காத்திருந்து திரும்பி வந்தார்கள்.

தினமும் உள்ளே வந்தால் பரிசு, இன்றே வாங்காவிட்டால் கிடைக்காத உடுப்பு, டயமண்ட் செலவழித்துச் சுழற்றும் அதிர்ஷ்டச் சக்கரம் ஆகியவையும் பிள்ளைகளைப் பிடித்துவைக்கின்றன. அதைப் பற்று என்று சொல்லக் கூடாது. தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம் அது. வாப்பாவின் ரீலோட் காசு கரைவதும் இங்கேதான். ஸ்குவாட்டுக்கு இந்தப் பயம் கிடையாது. ஒருவன் வேறு கேமுக்கு மாறினால் மற்ற மூவரும் பின்னாலேயே போய்விடுவதுண்டு. ஹீரோயிக் ரேங்க் வரை ஏறிய கணக்கு திறப்பாரின்றிக் கிடக்கும்.