அளவுகோலுக்கும் ஒரு தோல் உண்டு

பள்ளிக்கூட பஸ் பாஸுக்குப் போட்டோ வேணும்னு அம்மா என்னை டவுன் ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. படம் வந்தப்போ அதுல நான் இல்லை. வெள்ளைச் சட்டை இருந்தது, ரெண்டு கண்ணு இருந்தது, நடுவில் வெறும் இருட்டு. "ஏம்மா, புள்ளைக்குக் கொஞ்சம் பவுடர் போட்டுக் கூட்டியாரக் கூடாதா?" என்று ஸ்டுடியோக்காரர் அம்மாவைத்தான் கடிந்துகொண்டார். அம்மா ஒண்ணும் பேசலை. மறுபடி காசு கொடுத்து, முகம் பூரா பவுடரை அப்பிக்கொண்டு இன்னொரு படம் எடுத்தோம். குற்றம் என் தோலில்தான் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

குற்றம் வேறு இடத்தில் இருந்தது. அதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அது நம்ம ஊரில் தொடங்கவில்லை, அமெரிக்காவில் தொடங்குகிறது. சினிமா, மருத்துவம், கம்ப்யூட்டர் மென்பொருள் என்று மூன்று துறைகளை ஆராய்ந்தவர்கள் வெவ்வேறு வழியில் போய் ஒரே சுவரில் முட்டிக்கொண்ட கதை அது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கதையைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

கலர் பிலிம் விற்கும்போதே கழுவிப் பிரிண்ட் போடும் காசையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தது கோடக் கம்பெனி. இந்த ஏகபோகத்தை 1954இல் அமெரிக்க அரசு தடுத்தது. வெளியே இருக்கிற லேபுகளும் பிரிண்ட் போடத் தொடங்கின. நிறம் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ள கோடக் அவர்களுக்கு ஒரு அட்டை அனுப்பியது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் படத்துக்கு நின்ற பெண்ணின் பெயர் ஷெர்லி. பிறகு பெண்கள் மாறினார்கள், பெயர் மாறவில்லை. லேப்காரர்களுக்கு அது 'ஷெர்லி கார்டு'. ஷெர்லியின் முகம் சரியாக வந்துவிட்டால் மிஷின் சரி. மற்ற முகமெல்லாம் அதற்கு அடங்கிக்கொள்ள வேண்டியதுதான். பிலிமின் ரசாயனமே வெளுத்த தோலை மனசில் வைத்துச் சேர்க்கப்பட்டது. வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் நின்று எடுத்த பள்ளிக்கூடப் படத்தில், கறுப்புப் பிள்ளைக்குக் கண்ணும் பல்லும்தான் மிஞ்சியது.

கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ராத் இதைத் தோண்டி எடுத்து 2009இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். அதில் ஒரு செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. பிலிமில் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று கோடக்கை அசைத்தது யார் தெரியுமா? சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மர நாற்காலி விற்கிறவர்களும். கறுப்புச் சாக்லேட்டுக்கும் வெளிர் சாக்லேட்டுக்கும் விளம்பரத்தில் வித்தியாசம் தெரியலை என்று அவர்கள் புகார் சொன்னார்கள். பிள்ளையின் முகம் தெரியலை என்று சொன்ன கறுப்பினத் தாய்களின் பேச்சு ஏறாத காதில், சாக்லேட்டின் பேச்சு ஏறியது. வெள்ளை, கறுப்பு, ஆசியப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை வருவதற்கு 1990கள் ஆயிற்று. சினிமாவின் ஒளியமைப்பும் வெள்ளை முகத்தைத்தான் அளவாக வைத்து வளர்ந்தது என்று ரிச்சர்ட் டயர் 1997இல் ஒரு புத்தகமே எழுதினார்.

கேமராவுக்குக் கறுப்பு முகத்தில் அக்கறையே கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு, கறுப்பின மக்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்துக்குப் படம் எடுக்கப் போலராய்டு கேமராவைப் பயன்படுத்தியது. 1970இல் போலராய்டின் கறுப்பினத் தொழிலாளிகளான கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் இருவரும் இதைக் கண்டுபிடித்துப் போராட்டம் தொடங்கினார்கள். இருவருக்கும் வேலை போயிற்று. 1977இல் அந்தக் கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. அதிகாரத்துக்கு நம்மைப் பார்க்கத் தேவை வந்தால், பார்ப்பதற்குக் கருவி உடனே கிடைத்துவிடுகிறது.

இனி மருத்துவம். விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கொரோனாவில் எல்லாரும் பார்த்தோம். சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே பாய்ச்சி, ரத்தம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்து ஆக்சிஜன் அளவைக் கணக்குப் போடுகிறது. இதன் அடிப்படையைக் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அஒயாகி, 1970களில். தோலில் இருக்கிற கருநிறமியும் ஒளியை உறிஞ்சும். அந்தக் கணக்கைச் சரியாகக் கழிக்காவிட்டால், உள்ளே ஆக்சிஜன் குறைந்திருக்கும்போதும் கருவி நல்ல எண்ணைக் காட்டும்.

2021 மே மாதம் இரண்டாம் அலையில் எங்க சேரியில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தோம். என் சின்னம்மா விரலில் மாட்டினால் 95. "எனக்கு மூச்சு முட்டுது கண்ணு, நெஞ்ச அடைக்குது" என்று அவங்க சொல்றாங்க. சிகிச்சை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். "95 இருக்கு ஆயா, ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார்கள். மூணாம் நாள் சின்னம்மா இல்லை. அந்தக் கருவிதான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை, அதனால் அன்றைக்கு உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அன்றைக்கு இரண்டு சாட்சிகள் இருந்தன. ஒன்று எண், ஒன்று சின்னம்மாவின் வாய். எண்ணைத்தான் நம்பினார்கள்.

இந்த எண்ணில் கோளாறு இருக்கலாம் என்பது டாக்டர்களுக்குப் புதுசில்லை. 1990இலேயே அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகளிடம் இந்தக் கருவி அதிகம் பிசகுகிறது என்று ஓர் ஆய்வு வந்தது. 2005இல் கலிபோர்னியாவிலிருந்து இன்னொன்று. அதற்குப் பிறகும், 2013இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தந்த வழிகாட்டுதலில், குறைந்தது 10 பேரிடம் சோதித்தால் போதும், அதில் 2 பேருக்குக் கருந்தோல் இருந்தால் சரி என்றுதான் இருந்தது. 2020 ஆகஸ்டில் ஏமி மோரன்-தாமஸ் என்ற மானிடவியலாளர் இந்தப் பழைய ஆய்வுகளை எடுத்து ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். டாக்டர் இல்லை அவர். அதே ஆண்டு டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் தங்கள் நோயாளிகளின் கணக்கை எடுத்து வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், ரத்தத்தில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவர்களில் 11.7 சதவீதம். ஏறத்தாழ மூன்று மடங்கு.

மூன்றாவது, மென்பொருள். எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த ஜாய் போலம்வினி என்ற கறுப்பினப் பெண்ணின் முகத்தை அங்கிருந்த முகமறியும் மென்பொருள் கண்டுகொள்ளவில்லை. வெள்ளை முகமூடி ஒன்றை எடுத்து மாட்டினார். உடனே கண்டுகொண்டது. எனக்குப் பவுடர், அவருக்கு முகமூடி.

அவர் அழுதுவிட்டுப் போகவில்லை, அளந்தார். டிம்னிட் கெப்ருவோடு சேர்ந்து, ஆப்பிரிக்க நாடுகள் மூன்று, ஐரோப்பிய நாடுகள் மூன்று என ஆறு நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1270 பேரின் முகங்களை மைக்ரோசாப்ட், ஐ.பி.எம்., ஃபேஸ்++ மென்பொருள்களுக்குக் காட்டினார். ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெளுத்த தோல் ஆண்களிடம் செய்த தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கருந்தோல் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. 2018இல் ஆய்வு வெளிவந்தது. இந்த மாதிரி மென்பொருள்களைச் சோதிக்க அதுவரை வைத்திருந்த இரண்டு படத் தொகுப்புகளில் வெளுத்த தோல் முகங்களே 79.6 சதவீதம், 86.2 சதவீதம். ஷெர்லி அங்கேயும் உட்கார்ந்திருந்தாள்.

தோலை வகைப்படுத்த அவர்கள் எடுத்தது ஒரு தோல் மருத்துவ அளவை. ஹார்வர்டு மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் செய்தது. முதலில் அதில் வெள்ளைத் தோலுக்கு மட்டும் நான்கு வகை. பழுப்புக்கும் கறுப்புக்கும் ஐந்து, ஆறு என்று பின்னால்தான் சேர்த்தார்கள். அநீதியை அளக்கப் போனால், அளக்கிற கோலிலும் நாம் கடைசியாக ஒட்டவைக்கப்பட்டவர்கள்.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். சாதியும் நிறமும் ஒன்றில்லை. நம்மில் சிவந்தவர்கள் உண்டு, ஆதிக்கச் சாதியில் கறுத்தவர்கள் உண்டு. அம்பேத்கரே தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணமில்லை என்று வாதாடியவர். ஆகவே அமெரிக்கக் கதையை அப்படியே எடுத்து நம்ம மேல் போர்த்திக்கொள்ள முடியாது. நான் எடுத்துக்கொள்வது வேறு. மூன்று கதையிலும் கருவி செய்தவர்கள் வெறுப்போடு செய்ததாகத் தெரியவில்லை. தங்கள் உடம்பைப் 'பொது' என்று நம்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மூன்றிலும் முதலில் பேசியவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். தாய் பேசினாள், தொழிலாளி பேசினான், மாணவி பேசினாள். அதெல்லாம் புலம்பல் என்று ஒதுக்கப்பட்டது. எண்ணாக மாறின பிறகுதான் ஆய்வு என்று பெயர் வந்தது.

நாம் எழுதுகிற சாட்சியங்களைப் படித்துவிட்டு, "உருக்கமா இருக்கு, ஆனா ஆய்வு இல்லையே" என்கிற பேராசிரியர்களை எனக்குத் தெரியும். சாட்சியம்தான் ஆய்வின் முதல் பக்கம். அதைத் தாண்டி நாமும் அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நம்ம பிள்ளைகள் மருத்துவத்துக்கும் மென்பொருளுக்கும் சினிமாவுக்கும் போகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கருவியைக் கையில் கொடுத்தாலும், இதை யார் உடம்பில் வைத்துச் சோதித்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் வருகிற வரைக்கும், மூச்சு முட்டுதுன்னு சொல்ற வாயை நம்புங்கள்.