தலை மழிக்கப்பட்ட பெண்களும் 73 வருடம் பிந்திய மன்னிப்பும்



தரம் 11 வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் உலகப் போர் முடிந்த கட்டத்தை நாம் படிப்பித்துக் கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழும்பி, "சேர், யுத்தம் முடிஞ்ச நாள் எல்லாருக்கும் பெருநாள் மாதிரி இருந்திருக்கும்தானே?" என்று கேட்டாள். படங்களில் அப்படித்தான் இருக்கிறது. கொடி, கூட்டம், சிரிப்பு. ஆனால் அதே நாளில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே நடுங்கிய பெண்களும் இருந்தார்கள். மணி அடித்துவிட்டதால் அவளுக்கு முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறோம். பெற்றோரும் வாசிக்க வேண்டிய கதை இது.

நோர்வே என்றால் நமக்கு 2002 யுத்த நிறுத்த ஒப்பந்தமும் எரிக் சொல்ஹெய்மும்தான் ஞாபகம் வரும். நமக்குச் சமாதானம் பேச வந்த அந்த நாட்டுக்கும், பல காலம் வாய் திறந்து பேசாத ஒரு யுத்தக் கதை உண்டு.

1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஹிட்லரின் படை நோர்வேக்குள் புகுந்தது. 1945 மே 8 வரை ஐந்து வருடம் ஆக்கிரமிப்பு. அப்போது நோர்வேயின் சனத்தொகை சுமார் 30 இலட்சம். அங்கே நிலைகொண்டிருந்த ஜேர்மன் படையினரோ 3 இலட்சத்துக்கும் மேல். வடக்கின் சில சிற்றூர்களில் ஊர்ச் சனத்தை விடச் சிப்பாய்களின் தொகை கூட. கடையிலும் பாதையிலும் துறைமுகத்திலும் அவர்கள்தான். முகாம்களில் சமையலுக்கும் துணி துவைக்கவும் ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போனார்கள்.

இப்படி ஐந்து வருடம் கழிந்தால் என்ன நடக்கும்? பழக்கங்கள் ஏற்பட்டன. உண்மையாகவே காதலித்தவர்கள் இருந்தார்கள். பசிக்காகப் போனவர்கள் இருந்தார்கள். மறுக்க முடியாத நிலையில் அகப்பட்டவர்களும் இருந்தார்கள். 30,000 முதல் 50,000 பெண்கள் வரை ஜேர்மன் சிப்பாய்களோடு உறவில் இருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பிறந்த பிள்ளைகள் பத்தாயிரத்துக்கும் மேல். நோர்வே மக்களை 'உயர்ந்த ஆரிய இனம்' என்று கருதிய நாசிகள் இந்தப் பிறப்புகளை ஊக்குவித்தார்கள். அதற்காக 'லெபென்ஸ்போர்ன்' என்ற அமைப்பின் மூலம் பிரசவ விடுதிகளையும் நடத்தினார்கள்.

ஊர் மக்களின் கோபத்தை நாம் குறைத்துச் சொல்லக் கூடாது. எதிர்த்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நோர்வேயிலிருந்து 700க்கும் மேற்பட்ட யூதர்கள் நாடுகடத்தப்பட்டு, அவர்களில் 40 பேருக்கும் குறைவானவர்களே உயிரோடு மீண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், பக்கத்து வீட்டுப் பெண் அதே படையின் சிப்பாயோடு கைகோர்த்துப் போவதைப் பார்த்தால் அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? அந்த வேதனை நியாயமானது.

ஆனால் அந்தக் கோபம் போய் விழுந்த இடம் எது?

விடுதலை கிடைத்ததும் கூட்டம் கூடிப் பெண்களைத் தெருவுக்கு இழுத்தது. தலைமயிரை வெட்டியது, மழித்தது. பிரான்சிலும் இதே காட்சி. அங்கே சுமார் 20,000 பெண்களின் தலை மழிக்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். நோர்வேயில் அரசாங்கமும் சேர்ந்துகொண்டது. ஒஸ்லோ நகருக்கு எதிரே உள்ள ஹொவெடோயா என்ற சிறு தீவில் முகாம் அமைத்து ஆயிரம் பேரளவில் அடைத்து வைத்தார்கள். கூட்டத்திடமிருந்து பாதுகாக்கிறோம், பாலியல் நோய் பரவாமல் தடுக்கிறோம் என்று காரணம் சொன்னார்கள். இந்தப் பெண்கள் மீறிய சட்டம் என்று ஒன்றுமே இருக்கவில்லை. பலருக்கு வேலையும் போனது.

1945 ஓகஸ்டில் ஒரு விசேட சட்டம் வந்தது. ஜேர்மானியரை மணமுடித்த பெண்கள் குடியுரிமையை இழந்து, குண்டு வீச்சில் தரைமட்டமாகிக் கிடந்த ஜேர்மனிக்குப் பிள்ளைகளோடு அனுப்பப்பட்டார்கள். ஜேர்மன் பெண்களை மணமுடித்த நோர்வே ஆண்கள் 28 பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய குடியுரிமையும் பறிக்கப்படவில்லை. ஒருவரும் நாடுகடத்தப்படவும் இல்லை.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். ஒஸ்லோவில் யூதர்களைக் கைதுசெய்யும் நடவடிக்கையை நடத்தியவர் நூட் ரோட் என்ற நோர்வே பொலிஸ் அதிகாரி. அவர் மீது வழக்கு நடந்தது. 1948இல் விடுதலையானார். திரும்பவும் பொலிஸ் வேலையிலேயே சேர்ந்தார். ஜேர்மன் படைக்கு விமானத் தளமும் பாதையும் கட்டிக்கொடுத்துப் பணம் பார்த்த ஒப்பந்தக்காரர்கள் பலரும் பெரிய சேதமில்லாமல் தப்பினார்கள். சனத்தைப் பிடித்துக் கொடுத்தவருக்கு ஓய்வு பெறும் வரை உத்தியோகம். ஒரு சிப்பாயை நேசித்த பெண்ணுக்கு மொட்டைத் தலை.

துப்பாக்கி வைத்திருந்தவனிடம் ஐந்து வருடமாகக் காட்ட முடியாத கோபத்தை, கையில் ஒன்றும் இல்லாதவளிடம் ஒரே நாளில் காட்டினார்கள். அதில் வீரம் எதுவும் இல்லை.

பிள்ளைகளின் கதை இன்னும் பாரம். தாய்மாரில் அனேகர் புத்தி மட்டானவர்கள், பிள்ளைகளும் அப்படித்தான் இருப்பார்கள் என்று, அவர்களைப் பரிசோதிக்காமலேயே ஒரு பெரிய மனநல வைத்தியர் அபிப்பிராயம் கொடுத்தார். எல்லோரையும் கப்பலேற்றி அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பலாமா என்று கூட ஆலோசித்து, பிறகு கைவிட்டார்கள். எந்தக் குறையும் இல்லாத சில பிள்ளைகள் மனநல விடுதிகளில் வளர்ந்தார்கள். பாடசாலையில் அவர்களுக்குப் பட்டப்பெயர், அடி, தனி மூலை. ஆசிரியர்களும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்று வாசிக்கும்போது நமக்கே வெட்கமாக இருக்கிறது.

உலகப் புகழ் பெற்ற 'அபா' இசைக்குழுவின் பாடகி அன்னி-ஃபிரிட் லிங்ஸ்டாட் அப்படிப் பிறந்த ஒரு பிள்ளைதான். 1945 நவம்பரில் பிறந்தார். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து பாட்டி அவரைச் சுவீடனுக்குக் கொண்டுபோனார். இரண்டு வயதாகும் முன்பே தாய் இறந்துபோனார். தகப்பனும் இறந்துவிட்டார் என்று நம்பி வளர்ந்தவர், 1977இல்தான் உயிரோடு இருந்த தகப்பனைச் சந்தித்தார். பெயர் தெரிந்த ஒருவரின் கதை இது. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர் தகப்பனின் பெயரைக் கூடக் கேட்கப் பயந்து வயதானார்கள்.

பிள்ளைகளுக்கு இழைத்த அநீதிக்காகப் பிரதமர் பொண்டெவிக் 2000ஆம் ஆண்டுப் புத்தாண்டு உரையில் மன்னிப்புக் கேட்டார். அவர்களில் சிலர் தொடுத்த வழக்கு, காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடியானது. தாய்மாரிடம் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2018 ஒக்டோபரில், பிரதமர் எர்னா சொல்பேர்க்கின் வாயால். 73 வருடம் பிந்திவிட்டது. 1945இல் இருபது வயதாக இருந்தவளுக்கு அப்போது 93 வயது. அனேகர் மண்ணறைக்குப் போய்விட்டார்கள்.

இதை நாம் ஏன் எழுதுகிறோம்? நாமும் முப்பது வருட யுத்தம் கண்ட மக்கள். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாயோடு இரண்டு வார்த்தை சிரித்துப் பேசினாள் என்பதற்காக ஒரு பிள்ளையின் பெயரைக் கடைவாசலில் வைத்து நாம் பேசவில்லையா? அவளுக்கு வந்த கல்யாணப் பேச்சு அதனாலேயே நின்றதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லையா? அவள் எதற்காகச் சிரித்தாள் என்று ஒருவராவது கேட்டோமா? அடையாள அட்டையைத் திருப்பி வாங்கி, வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்காகவும் இருக்கலாம்.

உறவின் சரி பிழையைப் பற்றி மார்க்கம் சொல்வதை நாம் அறிவோம். அதே மார்க்கம்தான் அவதூறைப் பெரும் பாவம் என்கிறது. ஒருவர் செய்ததை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்றும் படிப்பிக்கிறது. பிறந்த பிள்ளை எந்தக் குற்றத்தையும் கொண்டு வருவதில்லை.

அடுத்த பாடவேளையில் அந்த மாணவிக்கு இதைச் சொல்வோம். யுத்தம் முடிந்த நாள் எல்லோருக்கும் பெருநாளாக இருக்கவில்லை மகள். சிலருக்கு அன்றுதான் யுத்தம் தொடங்கியது, அதுவும் சொந்த ஊராரோடு.

வல்ல இறைவன் நம் நாவுகளைப் பாதுகாப்பானாக.