மேன் தீவுக் குடும்பப் பெயர்களில் முதலெழுத்தின் வரலாறு

பிரித்தானியாவிற்கும் அயர்லாந்திற்கும் இடைப்பட்ட ஐரிஷ் கடலில் அமைந்துள்ள மேன் தீவின் குடும்பப் பெயர்களுள் பல, ககர ஒலியுடன் தொடங்குகின்றன. ரோமன் எழுத்தில் அவ்வொலி சி, கே, கியூ என மூவகையாக எழுதப்படுகிறது. இவ்வொருமைக்குக் காரணம் சொல்லெல்லையில் நேர்ந்த மாற்றமாகும்.

தீவின் பழைய மொழியாகிய மேங்ஸ், ஐரிஷைப் போலவே கெல்டிக் குடும்பத்தின் கேலிக் கிளையைச் சார்ந்தது. அக்கிளை மொழிகளில் 'மாக்' என்பதற்கு 'மகன்' என்பது பொருள். தந்தை பெயரின் முன் இச்சொல் நின்று குடும்பப் பெயரை ஆக்கிற்று. மேன் தீவில் காலப்போக்கில் 'மா' தேய்ந்து மறைய, ஈற்றுக் ககரம் மட்டும் வருமொழியோடு ஒட்டி நின்றது. மாக் வில்லியம் 'குவில்லியம்' எனவும், மாக் ஐசக் 'கிஸ்ஸக்' எனவும் திரிந்தன. 'குவேல்' என்னும் பெயர் ஆங்கிலத்தில் காடையைக் குறிக்கும் சொல்லை ஒத்து ஒலிப்பினும், அதற்குப் 'பவுலின் மகன்' என்பதே பொருள். ககரத்தை விடுத்து மகரத்தைக் காத்த பெயர்களும் உள்ளன. 'மில்கிரீஸ்ட்' என்பது 'கிறிஸ்துவின் ஊழியனுடைய மகன்' எனப் பொருள்படும் தொடரின் சுருக்கம்.

இத்தீவில் வைக்கிங் காலத்தில் ஸ்காண்டிநேவியர் குடியேறினர். 1266இல் பெர்த் உடன்படிக்கையால் தீவு நார்வேயிடமிருந்து ஸ்காட்லாந்திற்கு மாறியது. அத்தொடர்பின் தடங்கள் பெயர்களில் எஞ்சியுள்ளன. 'கோர்க்கில்', 'கோர்லெட்' ஆகியவற்றுள் தோர் என்னும் கடவுளின் பெயரை முதலாகக் கொண்ட நோர்ஸ் ஆட்பெயர்கள் உள்ளன; 'கௌலி' ஓலாப் என்னும் பெயரினின்று வந்தது. ஆயினும் அவற்றின் முன் நிற்கும் ககரம் கேலிக்கிற்குரியது. ஆகவே இப்பெயர்களைக் கொண்டு ஒரு குடும்பம் நோர்ஸ் வழியினது என முடிவு கட்டுதல் பொருந்தாது. நோர்ஸ் ஆட்பெயர், கேலிக் ஆக்கமுறை, ஆங்கில எழுத்துமுறை என மூன்று அடுக்குகள் ஒரே பெயரில் படிந்துள்ளன. அவை பெயரிடும் வழக்கைக் காட்டுமேயன்றிக் குருதிவழியை மெய்ப்பிக்கமாட்டா.

ஏ. டபிள்யூ. மூர் 1890இலும், ஜே. ஜே. நீன் 1937இலும் வெளியிட்ட நூல்கள் இப்பெயராய்வின் அடிப்படைகளாகும். பழைய ஆவணங்களில் வரும் வடிவங்களைக் கால வரிசையில் ஒப்பிடுதலே இத்துறைக்குரிய நெறி. இன்றைய எழுத்துவடிவை மட்டும் பின்பற்றித் தேடுவோர், 'மாக்' நீங்காத பழைய பதிவுகளைத் தவறவிடுவர்.

மேங்ஸ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய பழந்தலைமுறையின் இறுதிப் பேச்சாளராகக் கருதப்படும் நெட் மாட்ரெல் 1974இல் மறைந்தார். பின்னர் அம்மொழியைக் கற்றுப் பேசுவோர் பெருகியுள்ளனர். எனினும் இடைக்காலத்தில் ஆங்கிலமே பேசிய குடும்பங்களும் தம் பெயரின் முதலெழுத்தில் 'மகன்' என்னும் கேலிக் சொல்லைக் காத்துவந்துள்ளன. பெயரின் பொருளை விளக்க முற்படும் மொழிபெயர்ப்பாளர் முதற்கண் பிரித்தறிய வேண்டுவது அவ்வெழுத்தையே.