ஆனைமலை வேட்டையும் தோட்டாவின் வரலாறும்

வடக்கேயிருந்து ஊர் திரும்பும் நேயர்கள், கோயம்புத்தூரைக் கடந்து பாலக்காட்டுக் கணவாயில் ரயில் நுழையும்போது, தென் திசையில் நீல மதிலென ஒரு மலைத்தொடர் எழுவதைக் கண்டிருப்பர். அதுவே ஆனைமலை. அதன் மேற்குச் சரிவில் பாலக்காடு மாவட்டத்துப் பறம்பிக்குளமும், தெற்கே இடுக்கி மாவட்டத்து மூணாறும் ஆனைமுடியும் உள்ளன. இக்காடுகளில் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் வேட்டை நடந்தது. எந்த விலங்குக்கு எந்தத் தோட்டா தகும் என்பது அந்நாளைய வேட்டைக்காரர்களிடையே ஓயாத விவாதம். அற்பமாகத் தோன்றும் அவ்விவாதத்தில் விஞ்ஞானமும், அரசியலும், அறமும் கலந்திருந்தன என்பதை இங்கு நாம் காண்போம்.

சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்ட்டன் 1862இல் ஆனைமுடியின் உச்சியை அடைந்தார். அக்காலத்துத் துப்பாக்கிகளில் கரிமருந்தே பயன்பட்டது. அதன் வேகம் குறைவு. ஆதலின் வலிமை வேண்டின் குண்டின் எடையைக் கூட்டுவதன்றி வேறு வழியில்லை. ஒரு முறை சுட்டதும் எழும் வெண்புகை, விலங்கையே மறைத்துவிடும். பின்னர், இலேசான குண்டையும் மிகுதியான மருந்தையும் கொண்ட ‘எக்ஸ்பிரஸ்’ துப்பாக்கிகள் வந்தன. மானுக்கு அவை ஏற்றவையே. ஆயினும் காட்டெருமையின் தடித்த எலும்பில் பட்டதும், அவற்றின் குண்டு உள்ளே ஊடுருவாமல் சிதறிப்போவதுண்டு.

புகையில்லா மருந்து இந்நிலையை மாற்றியது. 1898இல் லண்டன் ரிக்பி நிறுவனம் 450 என்னும் தோட்டாவை வெளியிட்டது. குழலின் உள்விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காக எண்ணிக் குறிப்பது ஆங்கிலேயர் வழக்கம். சுமார் 31 கிராம் எடையுள்ள அதன் குண்டு, வினாடிக்கு 2,150 அடி வேகத்தில் பாய்ந்தது. யானைக்கும் காட்டெருமைக்கும் இதுவே போதுமென வேட்டைக்காரர் மகிழ்ந்திருந்த வேளையில், 1907இல் அரசாங்கம் அவ்வளவுள்ள துப்பாக்கிகளை இந்தியாவில் தடை செய்தது. காரணம் விலங்கன்று, மனிதரே. படையினரின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் குழலும் அதே அளவுடையது. வேட்டைக் குண்டு கலகக்காரர் கையில் போர்க் குண்டாகிவிடுமோ என்று ஆட்சியாளர் அஞ்சினர். துப்பாக்கித் தொழிலாளர் 465, 470 எனப் புதிய அளவுகளைப் படைக்க நேர்ந்தது இவ்வச்சத்தினாலேயே.

இனித் தேர்வின் நுட்பத்தைப் பார்ப்போம். புள்ளிமான் கிடாய் சுமார் 80 கிலோ எடையுள்ளது. முதிர்ந்த கடமான் 250 கிலோவையும் எட்டும். காட்டெருமைக் காளையோ 1,000 கிலோ வரை வளரும். மானுக்கும் வரையாட்டுக்கும் 275 ரிக்பி போன்ற சிறிய தோட்டா போதும். அதன் 9 கிராம் குண்டு, தொலைவிலும் நேராகச் செல்லும். முனை மென்மையாயிருப்பின் உடலுக்குள் விரிந்து விரைவில் உயிரை முடிக்கும். காட்டெருமைக்கு அது உதவாது. அதற்கு உலோக உறையிட்ட கெட்டிக் குண்டு வேண்டும். 1912இல் வந்த 375 தோட்டா, 19 கிராம் குண்டுடன் இரு தேவைக்கும் பொதுவாக நின்றமையால் பெரிதும் விரும்பப்பட்டது.

தவறான தோட்டாவால் விளைவது யாது? மான் புண்பட்டுப் புதரில் பல நாள் வதைபட்டு மடியும். காயமுற்ற காட்டெருமையோ அடர்ந்த காட்டில் மறைந்து நின்று, தன்னைத் தொடர்வோர்மீது பாயக்கூடும். அவ்வாறு இரத்தத் தடம் பார்த்து முன்னே சென்றவர்கள் யார்? வேட்டைக்கு வழிகாட்டிய காடரும் முதுவரும் போன்ற மலைவாசிகளே. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியிருந்தது. தோட்டாவைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர். அத்தேர்வு பிழைத்தால் முதலில் ஆபத்தை எதிர்கொண்டவர் மற்றொருவர். வேட்டை நூல்கள் துரைமார்களின் பெயர்களை விரிவாகப் பேசுகின்றன. வழிகாட்டிகளில் பலருக்கு அவற்றில் பெயரே இல்லை.

ஆயினும் இம்மலையின் வரலாறு துப்பாக்கியோடு முடிந்துவிடவில்லை. நம் தமிழ்த் தொழிலாளர் உழைப்பில் செழித்த கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனி, இரவிகுளம் புல்வெளியை 1971 வரை வேட்டைக் காப்பிடமாகப் பேணியது. வேட்டையை நெறிப்படுத்த 1928இல் ஒரு சங்கமும் அமைந்தது. காவலர்களாக முதுவர் அமர்த்தப்பட்டனர். வேட்டைக்கென வைத்த கட்டுப்பாடே வரையாட்டின் உயிரைக் காத்தது என்பது விந்தையே. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பறம்பிக்குளம் 1973இல் சரணாலயமாயிற்று. இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் உயர்ந்தது.

இன்று இராஜமலைப் பாதையில் வரையாடுகள் மனிதரைக் கண்டு மருளாமல் மேய்கின்றன. எந்தத் தோட்டா தகும் என்ற வினா அங்கே எழுவதில்லை. அடுத்த முறை ஊருக்குச் செல்லும் நேயர்கள் அம்மலையைக் காணும்போது, துப்பாக்கி ஏந்தியோரை மட்டுமன்றி, வெறுங்கையோடு அவர்களுக்கு முன்னே நடந்த வழிகாட்டிகளையும் நினைவுகூர்வது தகும்.