கடலும் வண்டலும்

கடல்கோள் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் உரையாசிரியர் பேச்சுதான். இறையனார் களவியல் உரை தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடலுக்குக் கொடுத்தது. 1864-ல் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேயர், லெமூர் என்ற பிராணி மடகாஸ்கருக்கு எப்படி வந்தது என்று விளக்க ஒரு கண்டத்தை அனுமானித்தார். நம்மவர்கள் இரண்டையும் ஒட்டினார்கள். விஞ்ஞானம் அந்தக் கண்டத்தைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. மதுரை மேடைகள் கைவிடவில்லை.

நிலத்தைக் கேட்டால் வேறு கதை. சங்கப் பாடல்களின் முத்துத்துறையான கொற்கையிலிருந்து கடல் இன்று ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. தாமிரபரணி வண்டல் கரையைத் தள்ளத் தள்ள, துறைமுகம் கொற்கையை விட்டுக் காயலுக்குப் போயிற்று என்று கால்டுவெல் 1881-ல் வெளிவந்த திருநெல்வேலி சரித்திரத்தில் எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்தது காயலை. பிறகு காயலும் கரையை இழந்தது. தமிழகத் தொல்லியல் துறை 1968-69-ல் கொற்கையில் தோண்டியெடுத்த கரிக்குக் கி.மு. 785 என்று காலம் கணித்தார்கள். இங்கே கடல் ஊரை விழுங்கவில்லை. ஊர்தான் கடலிலிருந்து விலகிக் கிடக்கிறது.

இதை வைத்துக் கடல் மட்டம் இறங்கியது என்றும் சொல்லிவிட முடியாது. பேரேட்டு இருப்பை மட்டும் பார்த்து வரவு எவ்வளவு, பற்று எவ்வளவு என்று எந்தக் குமாஸ்தாவும் சொல்லமாட்டான். ஆற்று வண்டலுக்குத் தொடர்பில்லாத சாட்சி வேண்டும். அது ராமேஸ்வரத்தில் இருக்கிறது. மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நிலவியல் பற்றி 1883-ல் எழுதிய புரூஸ் ஃபூட், அந்தத் தீவில் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் பவளப்பாறையைக் குறித்திருக்கிறார். பவளம் நீருக்கு வெளியே வளராது. ஒன்று, தரை எழுந்திருக்க வேண்டும். அல்லது கடல் இறங்கியிருக்க வேண்டும். பின்னால் வந்த கரிமக் கணிப்பு அதற்குச் சில ஆயிரம் ஆண்டு வயது தந்தது.

நிலம் மூழ்கியதும் உண்மையே. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. ஆழமற்ற பாக் நீரிணை அப்போது தரை. ஆனால் அங்கே பாண்டியனும் இல்லை, புலவனும் இல்லை.

கலித்தொகைப் பாடல் ஒன்றில், கடலுக்கு நிலம் இழந்த பாண்டியன் அயலார் நிலத்தைப் பிடித்து ஈடுசெய்கிறான். படையெடுப்புக்கு நியாயம் சொல்லும் பாட்டு அது என்றே எனக்குப் படுகிறது. அதை நிலநூலாக வாசிப்பவர்கள் கவிதையையும் இழக்கிறார்கள்.

வைகை முகத்தில் அழகன்குளம் இருக்கிறது. 1986 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசுகள் கிடைத்தன. அந்தத் துறையும் இன்று கரையிலிருந்து உள்ளே தள்ளித்தான் கிடக்கிறது. வைகை நீரோ இப்போது கண்மாய்களில் தங்கிவிடுகிறது. கடல்வரை போவது அபூர்வம்.