கணினிக்குள் காணி

அல்டிமா ஆன்லைன் உலகில் ஒரு வீடு இடியப்போகிறது என்று தெரிந்தால் அதன் வாசலில் கூட்டம் கூடிவிடும். ஆரம்ப காலத்தில், வீட்டுக்காரர் சில நாள் வந்து கதவைத் திறக்காமல் விட்டால் வீடு பழுதாகத் தொடங்கும். வாசல் பலகையைத் தட்டினால் அது எந்த நிலையில் இருக்கிறது என்று எவரும் பார்க்கலாம். ‘இடிந்து விழும் அபாயம்’ என்ற கடைசி அறிவிப்பு வந்துவிட்டால் ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் காத்துக் கிடப்பார்கள். வீடு மறைந்த நொடியில் உள்ளே இருந்த சாமான்கள் தரையில் சிதறும். பாதிப்பேர் அதை அள்ள ஓடுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். காலியான மனையில் தங்கள் வீட்டுப் பத்திரத்தை முதலில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

1997 செப்டம்பரில் டெக்சாஸின் ஆரிஜின் சிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு இது. பிரிட்டானியா என்ற கற்பனை நாட்டில் காலி இடம் எங்கிருந்தாலும் வீடு கட்டிக்கொள்ளலாம் என்பது விதி. எத்தனை பேர் கட்டுவார்கள் என்ற கணக்கில்தான் கோட்டை விட்டார்கள். காடு, மேடு, ஆற்றங்கரை எல்லாம் வீடாகி, புதிதாக வந்தவருக்குக் குடிசை போடக்கூட இடமில்லாமல் போயிற்று. விளையாட்டுக்குள் கிடைக்காத மனை ஈபேயில் டாலருக்குக் கிடைத்தது. இல்லாத நிலத்துக்கு நிஜப் பணம் கைமாறும் வியாபாரம் பரவலாகத் தொடங்கியது அங்கேதான்.

தட்டுப்பாட்டுக்கு நிறுவனம் கண்ட மருந்து விசித்திரமானது. 2000-ல் அந்த நாட்டையே அப்படியே நகலெடுத்து இன்னொன்றாகத் திறந்துவிட்டார்கள். பழையது ஃபெலக்கா, புதியது டிராம்மல். அதே மலை, அதே ஆறு, அதே சாலை. பெரிய வித்தியாசம், டிராம்மலில் ஒரு விளையாட்டுக்காரர் இன்னொருவரை வெட்டிக் கொள்ளையடிக்க முடியாது. ஜனம் மொத்தமும் அங்கே பாய்ந்தது. நேற்றுவரை ஃபெலக்காவில் பொன்விலை போன மனைகளைச் சீந்த ஆளில்லை. நிலத்தைப் படைத்தவர் நினைத்தால் இன்னொரு மடங்கு நிலத்தை ஒரே நாளில் படைத்துவிடலாம் என்ற பாடத்தை அன்று கற்றவர்கள் சிலர்தான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தலைமுறையும் இதே பாடத்துக்குத் தன் பங்கு கட்டணத்தைக் கட்டியிருக்கிறது.

ஸ்வீடனில் மைண்ட்ஆர்க் நிறுவனம் நடத்திய என்ட்ரோப்பியா என்ற விளையாட்டு, நிலத்தை வெளிப்படையாகவே முதலீடாக விற்றது. அங்கே பத்து விளையாட்டு நாணயத்துக்கு ஒரு டாலர் என்று நிலையான விகிதம். 2004 டிசம்பரில் ஆஸ்திரேலிய இளைஞர் டேவிட் ஸ்டோரி ஒரு தீவை 26,500 டாலருக்கு ஏலம் எடுத்தபோது உலகமே சிரித்தது. அவர் அதை அழகுக்காக வாங்கவில்லை. தீவில் வேட்டையாட வருபவர்களிடமும் சுரங்கம் தோண்டுபவர்களிடமும் வரி வசூலித்தார், தீவைத் துண்டு போட்டு மனைகளாக விற்றார். அடுத்த ஆண்டே ஜான் ஜேக்கப்ஸ் என்பவர் ஒரு விண்கல்லை 1,00,000 டாலர் கொடுத்து வாங்கினார். 2010-ல் அது பங்கு பங்காக விலைபோனபோது கிடைத்த தொகை 6,35,000 டாலர். சிரித்தவர்கள் கொஞ்சம் அடங்கினார்கள்.

ஆனால் இந்த வியாபாரத்தை ஒரு தொழிலாகவே ஆக்கிக் காட்டியது சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த செகண்ட் லைஃப். 2003-ல் லிண்டன் லேப் திறந்த இந்த உலகத்தில் வெல்ல எதிரியோ கொல்ல அரக்கனோ கிடையாது. நிலம் வாங்கு, கட்டு, விற்பனை செய், அதுதான் வாழ்க்கை. 256-க்கு 256 மீட்டர் ஒரு வட்டாரம். வாங்கும் விலை தனி, மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணம் தனி.

சீனாவில் பிறந்து ஜெர்மனியில் குடியேறிய ஐலின் கிரேஃப் இதில் அன்ஷி சங் என்ற பெயரில் புகுந்தார். பெரிய வட்டாரங்களை மொத்தமாக வாங்கி, மேடு பள்ளம் சீர்செய்து, மரம் நட்டு, துண்டு போட்டுக் குத்தகைக்கும் விலைக்கும் விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் திடீரென்று அசிங்கமான கோபுரம் எழுப்பிவிடக் கூடாது என்று தன் நிலத்துக்குத் தானே கட்டுப்பாடு விதித்தார். அந்த நிம்மதிக்காகவே ஆட்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். பின்னால் வூஹானில் அலுவலகம் போட்டு ஆள் வைத்து நடத்துமளவு தொழில் வளர்ந்தது. 2006 மே மாதம் பிசினஸ்வீக் இதழ் அவருடைய உருவத்தை அட்டையில் போட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் தன் சொத்து மதிப்பு பத்து லட்சம் டாலரைத் தாண்டியதாக அவர் அறிவித்தார்.

அன்ஷி சங்கின் கதையைக் கேட்டு இறங்கியவர்களில் பலர் கவனிக்காமல் விட்டது டெலிஹப் என்ற சமாச்சாரம். ஆரம்ப காலத்தில் செகண்ட் லைஃபில் ஒரு இடத்துக்குத் தாவிப் போக நினைத்தால், நேராக அங்கே போய் நிற்க முடியாது. அருகிலுள்ள டெலிஹப்பில்தான் இறக்கிவிடும். அங்கிருந்து பறந்தோ நடந்தோ போக வேண்டும். ஆகவே டெலிஹப்பைச் சுற்றியுள்ள நிலம் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைவீதி மாதிரி ஆனது. கணக்குப் போட்டு நிலம் வாங்கியவர்கள் எல்லாரும் அங்கேதான் அதிக விலை கொடுத்து வாங்கினார்கள், கடைவளாகம் கட்டினார்கள், வாடகைக்கு விட்டார்கள். 2005-ன் இறுதியில் வந்த புதிய பதிப்பில், எந்த இடத்திலிருந்தும் எந்த இடத்துக்கும் நேரே தாவலாம் என்று ஆக்கிவிட்டார்கள். போய்வருபவர்களுக்குக் கொண்டாட்டம். டெலிஹப் வாசலில் கடை வைத்தவர்களின் நிலத்தில் ஓர் அங்குலமும் குறையவில்லை, அதை வாங்கிய காரணம் மட்டும் காணாமல் போயிற்று.

2006-ல் பென்சில்வேனியா வழக்கறிஞர் மார்க் பிராக் இன்னொரு மூலையைக் கிளறினார். ஏலத்துக்கு அறிவிக்கப்படாத ஒரு நிலத்தின் பக்கத்தை இணைய முகவரியை மாற்றித் தட்டிப் பிடித்து, 300 டாலருக்கு வாங்கிவிட்டார். முறைகேடு என்று சொல்லி நிறுவனம் அந்த நிலத்தோடு அவருடைய கணக்கையே முடக்கியது. அதிலிருந்த மற்ற சொத்தும் போனது. அவர் நீதிமன்றம் போனார். நிறுவனத்தின் நிறுவனர் பிலிப் ரோஸ்டேல் “இங்கே நிலம் உங்களுக்கே சொந்தம்” என்ற பொருளில் ஊரெல்லாம் பேசியிருந்தது வழக்கில் வந்து நின்றது. தகராறு என்றால் தனி நடுவரிடம்தான் போக வேண்டும் என்ற ஒப்பந்த விதி நியாயமற்றது என்று 2007 மே மாதம் நீதிபதி எட்வர்டோ ரோப்ரெனோ தீர்ப்பளித்தார். நிலம் யாருடையது என்ற மூலக்கேள்விக்கு விடை வரும் முன்பே, அந்த ஆண்டு அக்டோபரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டார்கள். 2010-ல் விதிமுறையில் நிலம் வெறும் ‘உரிமம்’ என்று எழுதப்பட்டது.

இடையில் 2008 அக்டோபரில் வந்தது இன்னொரு அடி. கடல், காடு என்று வெறுமையாக விடுவதற்கான மலிவு வட்டாரங்களுக்கு மாதக் கட்டணம் 75 டாலர். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் வீடுகளை நெருக்கிக் கட்டிக் குத்தகைக்கு விட்டார்கள் ஜனங்கள். சர்வர் தாங்கவில்லை என்று சொல்லி நிறுவனம் கட்டணத்தை 125 டாலராக உயர்த்துவதாக அறிவித்தது. கொடி, பதாகை என்று உள்ளேயே போராட்டம் நடந்தது. குத்தகைதாரரிடம் வாடகையை ஏற்றவும் முடியாமல் நிலத்தை விற்கவும் முடியாமல் எத்தனையோ சின்ன நிலக்காரர்கள் காலி செய்தார்கள்.

பிளாக்செயின் வந்தபோது இத்தனை வருட மனத்தாங்கலுக்கும் பதில் கையில் இருப்பதாகத்தான் பேச்சு. பட்டா நிறுவனத்தின் சர்வரில் இல்லை, பொதுப் பேரேட்டில் இருக்கிறது. யாரும் முடக்க முடியாது, நகல் போட முடியாது. அர்ஜென்டினாக்காரர்கள் தொடங்கிய டிசென்ட்ராலேண்டில் மொத்தம் 90,601 மனைகள். முதல் ஏலம் 2017 டிசம்பரில் தொடங்கியது. 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டதும் வெறி பிடித்தது. அடுத்த மாதமே டிசென்ட்ராலேண்டின் ஃபேஷன் வட்டாரத்தில் ஒரு துண்டு சுமார் 24 லட்சம் டாலருக்குப் போனது. சாண்ட்பாக்ஸ் என்ற இதே மாதிரி உலகத்தில் ராப் பாடகர் ஸ்னூப் டாக்கின் பக்கத்து மனைக்கு ஒருவர் 4,50,000 டாலர் கொடுத்தார். ஒரே தாவலில் எங்கும் போகக்கூடிய உலகத்தில் பக்கத்து வீடு என்பதற்கு என்ன அர்த்தம் என்று டெலிஹப் காலத்து ஆட்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். 2022-ல் டிசென்ட்ராலேண்டில் ஒரு நாளில் பிளாக்செயினைத் தொட்டவர்கள் 38 பேர்தான் என்று ஒரு கணக்கு வெளிவந்தது. வெறுமனே சுற்றிப்பார்க்க வருபவர்கள் அதில் சேரவில்லை, தினமும் சுமார் 8,000 பேர் வருகிறார்கள் என்று நிர்வாகம் மறுத்தது. மறுத்த எண்ணே போதுமான செய்தி.

இந்த வரிசையில் ஸ்ப்ளின்டர்லேண்ட்ஸ் என்ற கார்டு விளையாட்டு கொஞ்சம் தனி ரகம். 2018-ல் ஜெஸ்ஸி ரைச், மேட் ரோசன் இருவரும் ஸ்டீம் மான்ஸ்டர்ஸ் என்ற பெயரில் தொடங்கினார்கள். மறு வருடம் பெயர் மாறியது. அது இயங்கிய ஸ்டீம் பிளாக்செயின் கைமாறிச் சண்டையில் பிளந்தபோது, 2020-ல் ஆட்டம் பிரிந்துபோன ஹைவ் பக்கம் குடிபெயர்ந்தது. அந்த அக்டோபரில் ப்ரேட்டோரியா என்ற புதிய கண்டத்தை விற்க ஆரம்பித்தார்கள்: 150 வட்டாரம், வட்டாரத்துக்கு 10 கூறு, கூறுக்கு 100 மனை, ஆக 1,50,000 மனைகள். கூறு முழுவதையும் ஒருவரே வாங்கினால் அதிலுள்ள காவற்கோட்டை உறுதி. வட்டாரம் முழுவதையும் வாங்கினால் அரண்மனையும் சேர்ந்து வரும். இரண்டுக்கும் மற்ற மனைகளின் விளைச்சலிலிருந்து வரி வரும் என்பதால், பணமுள்ளவர்கள் மொத்தமாக வாங்கினார்கள், இல்லாதவர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள்.

வாங்கியது எந்த நிலம் என்று வாங்கியவருக்கே தெரியாது. சர்வே செய்தால்தான் அது பாலையா, காடா, ஏரியா, சாதாரணமா, அபூர்வமா என்று தெரியவரும். சர்வே வருவதற்கே 2023 ஆகிவிட்டது. அதுவரை கையில் இருந்தது எண் போட்ட காகிதம் மாதிரி ஒன்று. வந்தபோது வெகுபேர் சர்வே செய்யாமலே வைத்துக்கொண்டார்கள். தெரியாத நிலத்துக்கு இருக்கும் ஆசை விலை, தெரிந்த தரிசுக்கு இருக்காது அல்லவா!

உழவு தொடங்கிய பிறகுதான் இந்த விளையாட்டின் கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. இங்கே நிலம் எங்கே இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை, அதில் யார் வேலை செய்கிறார்கள் என்பதுதான். ஒரு மனையில் ஐந்து கார்டுகள் வரை கூலியாட்களாக இறக்கலாம். கார்டின் அபூர்வம், நிலை, எந்தப் பதிப்பில் வந்தது என்பதைப் பொறுத்து அதன் உழைப்பு. நிலத்தின் வகையும் கார்டின் தனிமமும் ஒத்துப்போனால் விளைச்சல் கூடும், முரண்பட்டால் குறையும். கூலியாளுக்குச் சோறு போட வேண்டும்: முதலில் தானியம் விளைவித்தால்தான் மரம், கல், இரும்பு என்று மற்ற மனைகள் ஓடும். கூடவே டிஇசி என்ற டோக்கனையும் உழைப்பின் அளவுக்கேற்ப முடக்கி வைக்க வேண்டும். பழைய பதிப்புக் கார்டுகளைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவர்களுக்குத் திடீரென்று வேலை வந்தது. நூறு மனை வாங்கிவிட்டு ஆள் போட கார்டு இல்லாதவர்கள், பத்து மனைக்கு நல்ல கூலியாட்களும் தானியமும் வைத்திருந்தவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

ஆயிரம் டிஇசிக்கு ஒரு டாலர் என்பதுதான் வடிவமைப்பு. 2022-ல் கிரிப்டோ சந்தை சரிந்தபோது சந்தை அந்த விகிதத்தை மதிக்கவில்லை. ப்ரேட்டோரியாவை யாரும் நகலெடுக்கவில்லை, மனைகளின் எண்ணிக்கையும் கூடவில்லை. பட்டா பேரேட்டில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் தானியம் எவ்வளவு தின்ன வேண்டும், எந்தக் கார்டுக்கு எவ்வளவு திறன், எந்த மனைக்கு என்ன வேலை என்ற விதியெல்லாம் விளையாட்டை நடத்துபவர் கையில்தான். அதனால்தான் அதில் நிலம் வைத்திருப்பவர்கள் விலைப்பட்டியலைவிட அடுத்த மாற்றத்துக்கான அறிவிப்புகளை அதிகம் வாசிக்கிறார்கள்.

இந்தியாவிலிருந்து ஆடுபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2022 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மெய்நிகர் சொத்துகளின் லாபத்துக்கு 30 சதவீத வரி போட்டார். ஒரு டோக்கனில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. தஞ்சாவூரில் நிஜ நெல் விளைத்து விற்றால் அந்த வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரியே கிடையாது. ப்ரேட்டோரியாவின் தானியத்தை டோக்கனாக்கி விற்று லாபம் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக டெல்லிக்குப் போய்விடும்.