தகுதி ஐயம்

வேலையில் திறமையை நிரூபித்த பின்னும், ‘இது நமக்கு உரிய இடமில்லை, என்றாவது குட்டு வெளிப்பட்டுவிடும்’ என்று உள்ளூர அஞ்சுவது தகுதி ஐயம். ஆங்கில வழக்கில் இம்போஸ்டர் சிண்ட்ரோம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் இருவரும் 150க்கும் மேற்பட்ட சாதனைப் பெண்களிடம் இதைக் கண்டு 1978இல் எழுதினர். மனநோய்ப் பட்டியல்களில் இதற்கு இடமில்லை.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரிடையே இந்த ஐயம் அந்த ஆய்வைவிடப் பழையது, வெளியிலிருந்து ஊட்டப்பட்டதும்கூட. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர்கள் ரயில்வே எழுத்தர்களாகிப் பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் குடியேறினர். கங்காணி வழி வந்த தமிழ்நாட்டார் ரப்பர் தோட்ட லயங்களில் அடைபட்டனர். வெள்ளைக்காரத் துரை எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். கிராணி எனப்பட்ட தோட்ட எழுத்தர் எதிர்ப்பட்டாலும் அப்படியே. நாள்தோறும் இறங்கியவனுக்குத் தன் மதிப்பு எவ்வளவு என்று தனியே யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையையும் தொழிலாளர் கேட்டனர். கூலிக் கணக்கில் அடங்காத அந்தக் கோரிக்கைதான் போராட்டத்தின் உள்ளத்தைக் காட்டுகிறது. தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் தலைமை தாங்கினார். கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

விடுதலைக்குப் பின் ஐயம் பள்ளிக்கூடத்தில் வேர்விட்டது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதவர் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. ஒரே வயதுத் தோழர்கள் ஒரு படிவம் முன்னே போய்விடுவர். மீதியை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஐயத்தைப் போக்க எழுந்த முயற்சிகளில் பெயர்பெற்றது ஸ்ரீ முருகன் நிலையம். மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா 1982இல் தொடங்கியது. பட்டதாரிகளும் பல்கலைக்கழக மாணவர்களும் தொண்டூழியர்களாக வந்து டியூஷன் நடத்தினர். பாடத்தோடு ‘நம்மாலும் முடியும்’ என்ற எண்ணத்தையும் ஊட்ட, பத்துமலைக்குக் கல்வி யாத்திரையும் மேற்கொள்ளப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைக்குத் தன்னைப் போன்ற ஒருவர் பட்டம் பெற்று எதிரே நிற்பதைக் காண்பதே பெரிய மருந்து. கிளான்ஸும் ஐம்ஸும் பரிந்துரைத்ததும் பிறரைக் கண்டு தெளியும் வழியையே: ஒரே அச்சம் உள்ளவர்களைக் குழுவாக அமர்த்திப் பேசவைப்பது. பிறர் தம்மைத் தாழ்த்திக்கொள்வது பொருத்தமற்றது என்று காண்பவருக்குத் தம்முடையதும் புலப்படும்.

2021இல் ருச்சிகா துல்ஷியான், ஜோடி-ஆன் பியூரே இருவரும் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் இந்தக் கருத்தாக்கத்தையே கேள்விக்குள்ளாக்கினர். பணியிடத்துப் பாகுபாட்டைத் தொடாமல் பெண்களைத் திருத்த முனைவது தவறு என்றனர். கோலாலம்பூரில் இந்த வாதத்துக்குத் தனி வலு உண்டு. தனியார் நிறுவன வேலை விளம்பரத்தில் மாண்டரின் தேவை என்றிருப்பதைப் பார்த்துத் தமிழ்ப் பட்டதாரி விண்ணப்பிக்காமல் விடுவது தகுதி ஐயத்தில் சேராது; அது வெளியே இருக்கும் தடை. தன்னம்பிக்கைப் பட்டறைகள் உள்ளத்து ஐயத்தையும் வெளித்தடையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுண்டு.